பரோட்டா வீச்சுக்கு நடுவுல யாரு கீ வைக்கணும், நம்மளா கம்ப்யூட்டரா?

சித்தி பையன் ஒருத்தன் புளியரைல இருக்கான். டிகிரி முடிச்சிட்டு ஒரு வருஷமா வீட்டுல உக்காந்து ப்ளெண்டர்ங்கற 3டி அனிமேஷன் சாப்ட்வேர் படிக்கான். பழைய 8 ஜிபி லேப்டாப், பேட்டரி செத்துப் போச்சு, சாரல் காத்து அடிச்சு கரண்டு போனா லேப்டாப்பும் கூடவே போயிரும். போன வாரம் ராத்திரி போன் பண்ணான். "அண்ணே, மொத போஸும் கடைசி போஸும் வச்சிட்டேன், நடுவுல உள்ளத கம்ப்யூட்டரே போடட்டும்னு விட்டா மாஸ்டர் தண்ணிக்குள்ள நின்னு பரோட்டா வீசுத மாதிரி இருக்கு, சரின்னு நானே ஒவ்வொரு பிரேமா வச்சா கை வெடவெடன்னு நடுங்குது, இதுல எதத்தான் பிடிச்சுக்கிட்டு போக?"

இதே கேள்வில நான் ரெண்டு மாசம் கெடந்து உருண்டவன். அதனால போன்ல சொன்னத கொஞ்சம் ஒழுங்கா எழுதிருவோம்னு தோணிச்சு, இன்னும் நாலு பேருக்கு உதவும்.

அவன் பண்ணுத ஷாட்டு என்னன்னு சொல்லிருதேன், ஏன்னா பதில் அதப் பொறுத்துதான் இருக்கு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போற ரோட்டுல சீசன் டைம்ல போயிருந்தா தெரியும், பரோட்டா கடை வாசல்ல கேரளா வண்டி வரிசையா நிக்கும், கல்லு முன்னாடி மாஸ்டர் கைலி மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பாரு. அவரு எண்ணெய்ல ஊறுன உருண்டைய எடுத்து, தட்டி, வீசி, சுருட்டி வைக்கிற வரைக்கும் 6 செகண்டு, அவ்வளவுதான் ஷாட்டு. திருவனந்தபுரத்துல ஒரு எடத்துக்கு டெமோவா அனுப்பணும், ஆறு வாரம் இருக்கு. நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இந்த வேலைக்கு சென்னையவிட திருவனந்தபுரம்தான் கிட்ட, 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்லதான இருந்துச்சு, அங்க டெக்னோபார்க்ல டூன்ஸ்ங்கற அனிமேஷன் கம்பெனி 1999ல ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பக்கம் ஒரு கண்ணு வச்சிருக்கத பசங்க உண்டு.

இவனுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. கோர்ஸ் படிச்ச சென்டர்ல இருந்த சார், "ரெண்டு கீ வை, மத்தத மெஷின் பாத்துக்கிடும், அதுக்குத்தான கம்ப்யூட்டரு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. புனலூர்ல தெரிஞ்ச சேட்டன் ஒருத்தர், பழைய 2டி ஆளு, அவரு "ஒண்ணாம் பிரேம்ல ஆரம்பிச்சு வரிசையா போட்டுப் போ மோனே, உயிரு தன்னால வரும்"ங்காரு. யூடியூப்ல பாத்த ஆளு, எல்லாத்தையும் ஸ்டெப்டுல பிளாக் பண்ணு, அதாவது நடு அசைவு இல்லாம மொதல்ல போஸ மட்டும் வரிசையா வைங்காரு. மூணு பேருமே பொய் சொல்லல, ஆனா மூணு பேரும் மூணு வேற வேற பொருள மனசுல வச்சுக்கிட்டு பேசுதாங்க, அதான் சிக்கலே.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிருதேன். பிரேம்ங்கிறது ஓடுத படத்துல ஒரு தனிப் படம். கீங்கிறது முக்கியமான போஸ், கை கல்லுல இருக்கது ஒண்ணு, தலைக்கு மேல இருக்கது ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல வர்றது எல்லாம் இன்பிட்வீன். அந்த நடுவுல உள்ளதுலயே ஒண்ணு மட்டும், எந்த வழியா போகணும், எது முந்தும் எது பிந்தும்னு முடிவு பண்ணுத போஸ் இருக்கு பாருங்க, அதுக்கு பேரு பிரேக்டவுன். இந்தக் கட்டுரை முழுக்க சண்டை அந்த ஒரு போஸுக்குத்தான்.

கையில வரைஞ்ச காலத்துல சீனியர் ஆளு கீ வரைவாரு, ஓரத்துல ஒரு சின்ன கோடு போட்டு அதுல புள்ளி வச்சு எது எதுக்குக் கிட்ட இருக்கணும்னு குறிச்சுக் குடுப்பாரு, அசிஸ்டென்ட் நடுவுல உள்ளத வரைவான். அந்த வேலைய மெஷின்கிட்ட குடுக்கலாமேன்னு மொதல்ல உருப்படியா செஞ்சு பாத்தது கனடாவுல. அங்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்ல நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன்னு ரெண்டு பேரு அதுக்கு சிஸ்டம் செஞ்சாங்க, அத வச்சு பீட்டர் ஃபோல்டஸ் 1974ல 'ஹங்கர்'னு ஒரு குறும்படம் எடுத்தாரு. பின்னால 1997ல அந்த ரெண்டு பேருக்கும் ஆஸ்கர் அகாடமி டெக்னிக்கல் விருதே குடுத்துச்சு. படத்துல ஒரு ஆளு தின்னுக்கிட்டே இருப்பான். ஒரு கோடு இன்னொரு கோடா மாறும்போது நடுவுல எல்லாம் உருகி வழியும், ஏன்னா மெஷின் பண்ணது ரெண்டு கோட்டுக்கும் நடு எடத்தக் கணக்கு பண்ணி வச்சதுதான். அந்த உருகல் அந்தக் கதைக்குப் பொருத்தமா அமைஞ்சுபோச்சு. நம்ம மாஸ்டருக்கு எலும்பு இருக்கு, அவரு உருகக் கூடாது. அம்பது வருஷம் ஆகியும் அடிப்படைல மெஷின் பண்ணுதது அதே கணக்குதான்.

சரி, சென்டர் சார் சொன்ன வழிக்கு வருவோம். ரெண்டு கீ வச்சு கம்ப்யூட்டர விடுறது. ப்ளெண்டர்ல ஐ அமுக்கி கீ வச்சா தானாவே நடு அசைவ வழவழன்னு ஆக்குத பெசியர் வளைவு வந்துரும், அந்த வளைவத் திருப்புத கைப்பிடி ஆட்டோ கிளாம்ப்டுல, அதாவது கம்ப்யூட்டரே பாத்துக்கிடுத நிலைல இருக்கும். அது என்ன பண்ணும்னா, மெதுவா கெளம்பி, நடுவுல வேகம் பிடிச்சு, முடியுத எடத்துல மறுபடி மெதுவாகும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மாஸ்டர் மாவ கல்லுல அறையுதாரு, அறையும்போது யாராவது கடைசி நேரத்துல பிரேக் பிடிப்பாங்களா? முழு வேகத்துல போயி 'டப்'புன்னு விழணும். கம்ப்யூட்டர் அந்த அறை விழுத பிரேம உச்சிப் புள்ளின்னு நெனச்சு வளைவத் தட்டையாக்கிரும், அதனால கை கல்லுக்கு ரெண்டு விரக்கடை மேல வந்ததும் பூ மாதிரி எறங்கும். பையன் "தண்ணிக்குள்ள"ன்னு சொன்னது இதத்தான். பந்து குதிக்கிற பயிற்சி போட்டிருந்தா இது நல்லாத் தெரியும், மேல உருண்டையா வளையணும், தரைல மட்டும் வி மாதிரி கூரா இருக்கணும், அந்த கீல கைப்பிடிய ஒடச்சு வெக்டராவோ ஃப்ரீயாவோ மாத்தணும், வளைவெல்லாம் தெரியுத கிராஃப் எடிட்டர்ல வி அமுக்கினா மெனு வரும்.

அப்ப கைப்பிடிய மட்டும் ஒடச்சா போதுமான்னா, போதாது. ரெண்டாவது சிக்கல், எல்லா மூட்டும் ஒரே நேரத்துல கெளம்பி ஒரே நேரத்துல போயிச் சேரும். தோள் பாதி தூரம் போனா முழங்கையும் பாதி, மணிக்கட்டும் பாதி. மனுஷன் அப்படி அசைய மாட்டான். தோள் மொதல்ல போகும், முழங்கை அத இழுத்துக்கிட்டு போகும், மணிக்கட்டு தொங்கிக்கிட்டே பின்னால வரும், மாவு அதுக்கும் பின்னால. இத கிராஃப்ல சரிபண்ணணும்னா ஒவ்வொரு வளைவையும் தனித்தனியா நகட்டணும். கைக்கு மட்டும் தோள், மேல்கை, முன்கை, மணிக்கட்டுன்னு 4 எலும்பு, ப்ளெண்டர்ல எலும்பு சுத்துறதுக்குத் தானா இருக்கது குவாட்டர்னியன்ங்கற கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் டபிள்யூ எக்ஸ் ஒய் இசட்னு 4 வளைவு, ஒரு கைக்கே 16 ஆச்சு. அந்த 16ல எதத் தொட்டா கை எங்க போகும்னு நம்மளால மனசுல பாக்கவே முடியாது. கிராஃப்லதான் வேல செய்யப் போறேன்னா மொதல்லயே ரொட்டேஷன் மோட யூலருக்கு மாத்திட்டு கீ வைக்கணும், அப்ப ஒரு வளைவு ஒரு அச்சு, கொஞ்சமாவது புரியும். பாதி ஷாட்டு முடிச்சப்புறம் மாத்துனா பழைய கீ எல்லாம் வீணாப் போயிரும், நான் ஒரு தடவ அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைய முழுசா தொலைச்சிருக்கேன்.

இவ்வளவு திட்டுனதால அது கூடாதுன்னு அர்த்தமில்ல. கழுதுருட்டில பதிமூணு கண் பாலத்து மேல கொல்லம் ரயில் போகுது பாருங்க, 1904ல வந்த லைன், நடுவுல கேஜ் மாத்தறதுக்காக வருஷக்கணக்கா நிறுத்தி வச்சு 2018ல மறுபடி ஓட ஆரம்பிச்சுது, அந்த ரயில அனிமேட் பண்ண ரெண்டு கீயே போதும், ஒரே வேகத்துல போறதுக்கு லீனியர் வச்சிட்டு டீ குடிக்கப் போயிரலாம். செக்போஸ்ட் கம்பி ஏறுறது, சீலிங் பேன், தூரத்துல போற லாரி, கேமரா மெல்ல நகர்றது, இதுக்கெல்லாம் கையால பத்து கீ வைக்கிறது வெட்டி வேல, வச்சா நடுக்கம்தான் மிச்சம். உயிரில்லாதது, வெளிய இருந்து ஏதோ ஒண்ணு தள்ளிக்கிட்டு போறது, அதுக்கு கம்ப்யூட்டர்தான் நல்ல ஆளு. அதுக்குள்ள ஒரு மனசு இருந்து அதுவா அசையுதுன்னா அங்க மெஷின நம்பக் கூடாது. நான் பாக்கறது இந்த ஒரு வித்தியாசத்த மட்டும்தான்.

அடுத்தது ஸ்டெப்டுல போஸ் போஸா வைக்கிறது. ப்ளெண்டர்ல ஸ்டெப்டுங்கற பேரு இல்ல, கான்ஸ்டன்ட்னு இருக்கும், கீய செலக்ட் பண்ணி டி (T) அமுக்கினா வரும். ப்ரிபரன்ஸ்ல அனிமேஷன் பகுதில புதுசா வைக்கிற கீ எல்லாத்துக்கும் அதையே டீபால்ட்டா போட்டுக்கிடலாம். இதுல கம்ப்யூட்டர் நடுவுல ஒண்ணுமே போடாது, ஒரு போஸ் அப்படியே நிக்கும், அடுத்த கீ வந்ததும் டக்குன்னு மாறும். ஆரம்பத்துல ஸ்லைடு ஷோ மாதிரி இருக்கும், அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல. ஏன்னா இப்பதான் நீங்க என்ன வச்சிருக்கீங்கங்கறது மறைவில்லாம தெரியும். பெசியர்ல இருக்கும்போது ஓட்டைய எல்லாம் அந்த வழவழப்பு மூடிரும், ஏதோ அசையுது அதனால நல்லாருக்குன்னு நம்மளே நம்பிருவோம்.

பரோட்டா வீச்சுக்கு நான் வச்சத சொல்லுதேன், செகண்டுக்கு 24 பிரேம் கணக்குல. 1ல விரல் ரெண்டும் மாவுக்கு அடியில, ஒடம்பு முன்னால சாஞ்சிருக்கு. 9ல கை உச்சில. 15ல அறை. 20ல கை லேசா எகிறி அடுத்த வீச்சுக்குத் தயாரு. நாலு கீ. இத மட்டும் வச்சு ஸ்பிலைனுக்கு, அதாவது கம்ப்யூட்டர் நடுவ நிரப்புத வளைவுக்கு மாத்துனா பழைய கதைதான், கஞ்சி மாதிரி ஆயிரும். அதனால பிரேக்டவுன். 1க்கும் 9க்கும் நடு 5, ஆனா நான் 6ல வச்சேன், அதுல முழங்கை ஏறக்கொறைய உச்சிக்கே போயிருச்சு, மணிக்கட்டு இன்னும் கீழ தொங்குது, மாவு கல்லு நுனிய விட்டு இப்பதான் பிரியுது. 9க்கும் 15க்கும் நடுவுல 13ல ஒண்ணு, அதுல தோளும் இடுப்பும் எறங்கிருச்சு, கை இன்னும் மேலயே பின்தங்கி நிக்கு. அப்ப 13ல இருந்து 15க்கு ரெண்டே பிரேம்ல கை முழு தூரத்தையும் கடக்கணும், அந்த ரெண்டு பிரேம்தான் அறை. மாவோட கனம், மாஸ்டரோட பழக்கம், அவரு காலைல வந்தவரா ராத்திரி பதினோரு மணிக்கு சலிச்சுப்போயி நிக்கிறவராங்கறது எல்லாம் அந்த 13ஆம் பிரேம்ல இருக்கு. 12ல வச்சுப் பாருங்க, புதுசா வேலைக்குச் சேந்த பையன் மாதிரி ஆயிருவாரு.

எவ்வளவு தூரத்துக்கு நிரப்பணும்னு கேப்பீங்க. வேகமான எடத்துல ரெண்டு மூணு பிரேமுக்கு ஒரு கீ, மெதுவான எடத்துல நாலு அஞ்சு, அதுக்கு மேல இடைவெளி விட்டுட்டு ஸ்பிலைனுக்குப் போனா அந்த இடைவெளில கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணும். ஒரு போஸ்ல கொஞ்ச நேரம் நிக்கணும்னா அதே கீய காப்பி பண்ணி தள்ளி வைக்கணும், ஆனா அச்சு அசலா அதேய வச்சா செலை மாதிரி செத்துப் போயிரும், ரெண்டாவதுல ஒரு நூல் அளவு நகட்டி வைங்க. இன்னொண்ணு, பிளாக்கிங்ல இருக்க வரைக்கும் ஒரு பிரேம்ல கீ வச்சா எல்லா கன்ட்ரோலுக்கும் வைங்க, விரல் உட்பட. அப்பதான் "இந்த அறை ரெண்டு பிரேம் முந்தி வரட்டும்"னு தோணுனா கீ எல்லாம் புள்ளியா தெரியுத டோப் ஷீட்ல மொத்தமா இழுத்துப் போட முடியும். கீ வகைய மாத்தவும் வசதி இருக்கு, டோப் ஷீட்ல ஆர் அமுக்கி பிரேக்டவுன்னு குறிச்சா புள்ளி சின்னதா நீலமா மாறும், ஆறு நாள் கழிச்சு தெறக்கும்போது எது முக்கியம் எது நடுன்னு பாத்ததும் தெரியும். அப்புறம் மேல் கீழ் அம்புக்குறிய மாத்தி மாத்தி அமுக்கினா கீக்கு கீ தாவும், பழைய காலத்துல பேப்பர பெரட்டிப் பாத்த மாதிரியே.

இந்த வழில குறை இல்லையான்னா, இருக்கு. மொத ரெண்டு சாயங்காலம் ஒண்ணுமே அசையாது, வீட்டுல பாக்கறவங்க "இன்னும் பொம்மை நின்னுக்கிட்டேதான இருக்கு"ம்பாங்க. ஸ்பிலைனுக்கு மாத்துத அன்னைக்கு எல்லாருக்கும் ஒரு அதிர்ச்சி வரும், நல்லாருந்த போஸ் எல்லாம் கொழகொழன்னு ஆன மாதிரி தோணும். பயப்பட வேண்டாம், உள்ளங்கால் சறுக்குதா, கல்லுக்குள்ள கை போகுதா, ரெண்ட மட்டும் மொதல்ல பாருங்க. மத்தது கொஞ்சம் கொஞ்சமா வரும்.

இங்கன ஒரு விஷயம் சொல்லாம போனா கட்டுரை ஓட்டை. ஐகேயா (மணிக்கட்டப் பிடிச்சு இழுத்தா மொத்தக் கையும் பின்னால வர்றது) எஃப்கேயா (தோள்ல இருந்து ஒவ்வொரு மூட்டா சுத்துறது) எதுல கை அசையுதுங்கறத பொறுத்து நடு பிரேமே மாறிரும். எஃப்கேல கை தோள்ல இருந்து சுத்துது, அதனால கம்ப்யூட்டர் போடுத நடுவும் வில்லு மாதிரி வளைஞ்சே வரும், ஓசில ஒரு ஆர்க். ஐகேல மணிக்கட்டு ஒரு புள்ளில இருந்து இன்னொரு புள்ளிக்கு நேர்கோட்டுல போகும், கல்லுல இருந்து தோளுக்கு மேலன்னா நடுவுல நெஞ்சுக்குள்ள பூந்து வரும், முழங்கை டக்குன்னு தெறிக்கும். அப்ப எஃப்கேயே வச்சுக்கிடலாமேன்னா, மாஸ்டர் உள்ளங்கைய கல்லுல ஊனி மாவ அமுக்கும்போது ஒடம்பு முன்ன பின்ன ஆடும், எஃப்கேல கையும் சேந்து கல்லு மேல வழுக்கும், அத பிரேம் பிரேமா சரிபண்ணி மாளாது. அதனால தட்டி அமுக்குத வரைக்கும் ஐகே, வீசும்போது எஃப்கே, மாத்துத பிரேம அந்த 1க்கு முன்னாலயே வச்சுக்கிடணும். பையன் முழுசும் ஐகேல வச்சிருந்தான், கை நடுங்குனதுக்குப் பாதிக் காரணம் அதான். நேர்கோட்டத் திருத்தத் திருத்த கீ கூடிக்கிட்டே போச்சு, ஒவ்வொரு கீயும் ஒரு நூல் அங்கிட்டும் இங்கிட்டும், நடுக்கம் வராம என்ன செய்யும்? கை போற பாதையக் காட்டுத மோஷன் பாத் போட்டுப் பாத்தா புள்ளிக் கோடா தெரியும், புள்ளி எங்க நெருங்குது எங்க விலகுதுன்னு வேகமும் அதுலயே தெரிஞ்சிரும்.

புனலூர் சேட்டன் சொன்னத நான் லேசா தள்ள மாட்டேன். ஒண்ணாம் பிரேம்ல இருந்து வரிசையா, ரெண்டு ரெண்டு பிரேமா போட்டுக்கிட்டே போறது. அவரு கைக்கு அது வரும், முப்பது வருஷம் பேப்பர்ல வரைஞ்ச கை. நான் இதே வீச்ச அப்படிப் போட்டுப் பாத்தேன், ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து, உள்ளபடியே சில எடம் மத்த எதுலயும் வராத மாதிரி உயிரோட வந்துச்சு. ஆனா 20 பிரேம்ல முடிய வேண்டிய வீச்சு 31ல வந்து நின்னுச்சு, மாஸ்டரோட இடுப்பு கல்லுல இருந்து ஒரு சாண் தள்ளிப் போயிருச்சு, எங்க போச்சுன்னு தேடுனா ஒவ்வொரு பிரேம்லயும் கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. அடுத்த கடைல கூட்டிட்டுப் போயி நிறுத்தாத கொறைதான்.

ஆனா ஒரே ஒரு விஷயத்துக்கு சேட்டன் வழிதான் ராஜா, மாவு. வீசும்போது மாவு ஓரம் நெளியுது, காத்துல விரியுது, கல்லுல விழுந்ததும் இழுபட்டு அகலமாகுது. இதுக்கு முன்கூட்டியே போஸ் வைக்க முடியாது, கை என்ன பண்ணிச்சோ அதுக்கு ஏத்தாப்ல அது பின்னாலயே வரணும். அதனால ஒடம்ப முழுசா முடிச்சு ஸ்பிலைன் பண்ணி பூட்டு போட்டுட்டு, மாவுக்கு மட்டும் ஒண்ணுல இருந்து வரிசையா ஓட்டணும். கைலி நுனி, தோள்ல கெடக்குத துண்டு, பொம்பளைப் பிள்ள ஜடை, எல்லாம் இந்தக் கணக்குதான். நெளிவ கம்ப்யூட்டரே கணக்கு போடுத துணி சிமுலேஷன் வைக்கலாமேன்னா அந்த 8 ஜிபி லேப்டாப் பாவம்.

லேயர் லேயரா பண்ணுததுன்னு ஒண்ணும் இருக்கு, மொதல்ல இடுப்ப மட்டும் மேல கீழ அசைச்சு முடிக்கிறது, அப்புறம் முதுகு, அப்புறம் கை. அப்ப பிக்ஸார்ல இருந்த ஜான் லாசெட்டர் 1987ல சிக்ராஃப்ங்கற கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மாநாட்டுல படிச்ச கட்டுரைல, கம்ப்யூட்டர் மாடல்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கா இருக்கதால இப்படி மேல் அடுக்குல இருந்து கீழ எறங்கி கீ வைக்கலாம்னு எழுதியிருக்காரு. நடை பழகும்போது எனக்கு இது நல்லா ஒத்து வந்துச்சு, 24 பிரேம்ல ரெண்டு எட்டு, இடுப்பு ஏறி எறங்குதது சரியா இருந்தா பாதி நடை வந்துரும். ஆனா நடிப்புள்ள ஷாட்டுக்கு புதுசா படிக்கவங்க இத எடுத்தா, கீ எல்லாம் செதறிப்போயி ஆளுக்கொரு பிரேம்ல நிக்கும், அப்புறம் டைமிங் மாத்தணும்னு யாராவது சொன்னா அழுகைதான் வரும்.

பிரேக்டவுன் போட உதவுத டூல் ஒண்ண சொல்லணும், இது வழி இல்ல, கைத்தடி மாதிரி. போஸ் மோடுல 6ஆம் பிரேம்ல நின்னு எல்லா எலும்பையும் செலக்ட் பண்ணி ஷிப்ட்டோட ஈ அமுக்கி மவுஸ இழுத்தா, முன்னால உள்ள போஸுக்கும் பின்னால உள்ளதுக்கும் நடுவுல சதவீதக் கணக்குல போஸ் நகரும். மாயாங்கற இன்னொரு சாப்ட்வேர்லயும் இதே வேலைக்கு ட்வீன் மெஷின்னு ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு. பசங்க பண்ணுத தப்பு என்னன்னா 70ல விட்டுட்டு கீ வச்சிட்டு போயிருவாங்க. அது வெறும் சராசரிதான, எடம் மட்டும்தான் மாறியிருக்கு. 70க்கு இழுத்துட்டு, அப்புறம் மணிக்கட்ட கையால பின்னால மடக்கி, தலைய கொஞ்சம் தாழ்த்தி, அதுக்கப்புறம் வைங்க. ஏஐ நடு பிரேம் போடுத சமாச்சாரமும் வந்துருச்சு, வேலைக்குச் சேந்தப்புறம் தாராளமா வச்சுக்கிடுங்க, கத்துக்கிற காலத்துல அத விட்டுப் பண்ணா டெமோ பாக்குறவரு "13ல ஏன் இப்படி வச்ச?"ன்னு கேட்டா சொல்ல ஒண்ணும் இருக்காது.

எந்த வழி எடுத்தாலும் மாட்டுத குழி ஒண்ணு இருக்கு. பையன் கடைல மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு போன்ல வீடியோ எடுத்திருக்கான், நல்ல காரியம். ஆனா போன் எடுத்தது 30 பிரேம், ப்ளெண்டர் சீன் 24. பேக்ரவுண்டுல வீடியோவப் போட்டா அது ஒரு பிரேமுக்கு ஒரு பிரேம்தான் காட்டும், அப்ப 1 செகண்டு வீச்சு 1.25 செகண்டா இழுபடும். அதப் பாத்து கரெக்டா காப்பி அடிச்சிருக்கான், கரெக்டா மெதுவா வந்திருக்கு! வீடியோவ 24க்கு மாத்திட்டு போடணும், இல்லன்னா சீனையே 30க்கு வச்சிரணும். இன்னொண்ணு, பழைய லேப்டாப்ல பிளே பண்ணும்போது ஒவ்வொரு பிரேமையும் காட்டுத செட்டிங்ல இருந்தா மெஷின் தெணறி மெதுவாத்தான் ஓடும், அதப் பாத்து கீய நெருக்கி வைப்போம், அப்புறம் ரெண்டர் பண்ணி வீடியோவா எடுத்தா மாஸ்டருக்கு பேய் பிடிச்ச வேகம். வேல செய்யுத ஜன்னல்லயே (வியூபோர்ட்) சின்னதா ஒரு வீடியோ ரெண்டர் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆட்டோசேவ் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நடக்கும், ஆனாலும் சாரல் நேரத்துல கன்ட்ரோல் எஸ்ஸ கை மறக்கக் கூடாது.

நேரம் என்ன ஆகும்னு கேட்டா, என் அனுபவத்துல அந்த ஒரு வீச்சுக்கு, கம்ப்யூட்டர விட்டுப் பண்ணது ஒரு மணி நேரத்துல அசைஞ்சுச்சு, அத மனுஷனாக்க நாலு சாயங்காலம் ஆச்சு, கடைசில பாதி கீய அழிச்சிட்டு மறுபடிதான் போட்டேன். ஸ்டெப்டுல பிளாக்கிங் மூணு சாயங்காலம், ஸ்பிலைன் பண்ணித் திருத்த ஒண்ணு. கணக்கு ஒண்ணுதான் போல தோணும், ஆனா ரெண்டாவதுல எந்த நேரத்துல நிறுத்துனாலும் கையில ஒரு ஷாட்டு இருக்கு, காட்டுனா அடுத்த ஆளுக்குப் புரியும், ஆறு வாரக் கெடு வச்சிருக்கவனுக்கு அது பெரிய விஷயம்.

அதனால அவனுக்கு நான் சொன்னது இதான். மொத வாரம் மாஸ்டரத் தொடாத, பந்தும் ரயிலும் போடு, அதுல கம்ப்யூட்டர விட்டு கைப்பிடிய மட்டும் பழகு. அடுத்த மூணு வாரம் ஒடம்பு முழுக்க ஸ்டெப்டு, பிரேக்டவுன் எல்லாம் உன் கையால, கீ கூடுதேன்னு பயப்படாத, ஆனா எந்த கீயா இருந்தாலும் எதுக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியலன்னா அழிச்சிரு. அப்புறம் ஸ்பிலைன். கடைசி வாரம் மாவு, அத சேட்டன் சொன்ன மாதிரி ஒண்ணுல இருந்து ஓட்டு, வேணும்னா ஒரு நாள் புனலூர் பஸ் ஏறி அவரு பக்கத்துல உக்காந்தே போடு. 6 செகண்ட 4ஆ கொறைச்சுக்கோ, சுருட்டுததெல்லாம் வேண்டாம், ரெண்டு வீச்சு போதும்.

கொறைக்கிறதுக்கு மட்டும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டான். நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல ஸ்டெப்டு வீடியோ ஒண்ணு வந்துச்சு, மூணு செகண்டு, டக்கு டக்குன்னு மாறுது, சித்தி பின்னால "கரண்டு போகப் போகுது, எடுத்து வைல"ங்கறது வரைக்கும் கேக்கு. வீச்சு வருது. அறை விழுதது கேக்காமலே தெரியுது. 17ல மட்டும் முழங்கை ஒடம்போட ஒட்டிக்கிட்டு கெடக்கு, இன்னும் நாலு விரல் வெளிய தள்ளணும்னு அனுப்பிட்டு படுத்தேன், ப்ளூ டிக் இன்னும் வரல, புளியரைல கரண்டு போயிருக்கும்.